விசில் நீதிபதி

நீதிபதியின் மீசை ஈரத்துணியோடு வந்துவிட்டது.

முதலில் வலது பக்கம் மட்டும்தான் வந்தது. கைடு பதறிப்போய், வந்த மீசையைத் திரும்ப ஒட்டவைத்துவிடலாம் என்பதுபோல் அதே துணியை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். இடது பக்கமும் வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். கன்னத்தில் ஈஷிக்கொண்ட கறுப்பைத் துடைக்கப் போனார். மூக்கு போயிற்று.

ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். படச்சட்டத்துக்குள் கோட்டு இருந்தது, காலர் இருந்தது, இரண்டு கண்கள் இருந்தன. கண்களுக்குக் கீழே பிசைந்துவைத்த மாவு மாதிரி ஒரு வெளுப்பு. படியேறி வருகிற எல்லாரையும் இதுவரை முறைத்துக்கொண்டிருந்த நீதிபதி, இப்போது பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் போலப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஊரின் நடுவில் இருந்த அந்தப் பழைய மாளிகையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டு வெகுகாலம் ஆகிறது. கீழிருந்து மேல்மாடிக்குப் போகும் அகலமான மரப்படிக்கட்டின் சுவரில் நான்கு பெரிய படங்கள். அந்த வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வாழ்ந்த நான்கு பெரிய மனிதர்கள். முதலில், வீட்டைக் கட்டிய கப்பல் முதலாளி. அவர் நொடித்துப்போனபோது வீட்டை வாங்கிய நீதிபதி. நீதிபதியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த டாக்டர். கடைசியில் டாக்டரின் பேரன், தோட்டம் முழுக்க ரோஜா வளர்த்தவர்.

இந்த நால்வரின் கதையையும் முந்தைய கைடு இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவருக்கு முந்தையவர். ஒரு சொல் மாறாமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கப்பல் முதலாளியின் சட்டைப் பையில் ஒரு பேனா தெரியும். "நடுக்கடல்லகூட கணக்கு எழுதிக்கிட்டே இருப்பார்" என்று அதைக் காட்ட வேண்டும். டாக்டரின் கையில் குடை. "நோயாளி கூப்பிட்டா மழைன்னும் பாக்கமாட்டார், வெயில்னும் பாக்கமாட்டார்." ரோஜாக்காரரின் கழுத்தில் அளவு டேப் தொங்கும். "ஒவ்வொரு செடியும் எவ்வளவு வளந்திருக்குன்னு தினமும் அளப்பார்." கைடு இதையெல்லாம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆயிரம் தடவையும் அவருக்கே மெய்சிலிர்த்திருக்கிறது.

அப்பேர்ப்பட்ட நால்வரில் ஒருவருக்கு இன்று மூக்கில்லை. இன்னும் சற்று நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழு ஒன்று வரப்போகிறது.

கைடு மனைவிக்குப் போன் செய்தார்.

"உடனே ஒரு வண்டி புடிச்சு, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ல இருக்கிற உங்க அப்பா படத்தை எடுத்துக்கிட்டு வா."

"அப்பா படத்தையா? எதுக்குங்க?"

"சுத்தம் பண்ணணும்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இல்லாத கரிசனம்?"

"கரிசனம்லாம் சொல்லிட்டா வரும்? கிளம்பு!"

கைடு வீட்டோட மாப்பிள்ளை. மாமனார் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிரிவுபசார விழாவில், பஸ்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவரை ஆளுயரத்துக்கு வரைந்து பரிசளித்தார். வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு, விறைத்த மீசை, உலகமே தாமதமாக வந்துவிட்டது என்கிற பார்வை. அன்றிலிருந்து கைடு சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தையும் அந்தப் படம் எண்ணிக்கொண்டிருந்தது.

நிஜ மாமனாரும் சும்மா இருந்ததில்லை. "மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? செத்துப்போனவங்களுக்கு மேஸ்திரின்னு சொல்றதா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மனைவி படத்தோடு வந்து இறங்கினாள். மூக்கில்லாத நீதிபதியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! எங்க அப்பாவையா இங்க மாட்டப்போறீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். கறுப்புக் கோட்டு இருக்கு, மீசை இருக்கு, முறைப்பு இருக்கு. இதுக்கு மேல நீதிபதிக்கு என்ன வேணும்?"

"அப்பா தூங்கி எந்திரிச்சு, சுவத்துல தன்னைக் காணோம்னா?"

"ஒரு காலண்டரை மாட்டிடு."

ஒருவர் ஏணியைப் பிடிக்க ஒருவர் ஏறி மாமனாரை மாட்டினார்கள். மூக்கில்லாதவர் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனார். கைடு வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஆசிரியர்கள் வரிசையாக உள்ளே வந்துவிட்டார்கள்.

கப்பல் முதலாளி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது படத்தின் முன்னால் ஒரு கை உயர்ந்தது. தலைமை ஆசிரியையாக இருந்தவராம். கையை இறக்காமலே கேட்டார்.

"நீதிபதி கழுத்துல எதுக்கு விசில்?"

கைடு திரும்பிப் பார்த்தார். மாமனாரின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், டிப்போ விசில் பளபளத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் அதைக் கவனித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால்தானே.

"நல்ல கேள்வி" என்றார். "இந்தக் கேள்வியை யாராவது கேக்கமாட்டாங்களான்னு நான் ஏங்காத நாள் கிடையாது."

"பதில்?" என்றார் தலைமை ஆசிரியை.

"அந்தக் காலத்துல கோர்ட்ல ஒரே கூச்சல். வாதி ஒரு பக்கம் கத்துவான், பிரதிவாதி ஒரு பக்கம் கத்துவான். சுத்தியலால தட்டினா யார் காதுல விழும்? அதனால நம்ம நீதிபதி விசில் ஊதுவார். ஒரு தடவை ஊதினா அமைதி. ரெண்டு தடவை ஊதினா வக்கீல் பேசலாம். மூணு தடவை ஊதினா..."

"ஊதினா?" என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"தீர்ப்பு!"

படிக்கட்டில் கைதட்டல் எழுந்தது. தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "என் பள்ளிக்கூடத்துல இது தோணாமப் போச்சே" என்றார்.

கைடு அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கைதட்டியதில்லை. கொட்டாவிதான் விட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் கால்கள் தரையில் பாவவில்லை. வீட்டு வாசலில் பாவின.

"என் படம் எங்க?" என்றார் மாமனார், காலண்டருக்குக் கீழே நின்றுகொண்டு.

"சுத்தம் பண்ணக் குடுத்திருக்கேன் மாமா."

"அழுக்கா இருக்கேனா நான்?"

"இல்ல மாமா. கொஞ்சம் பளபளப்பு ஏத்தலாம்னு..."

"எப்ப வரும்?"

"சீக்கிரம் வந்துடும் மாமா."

வரவில்லை. வரவும் முடியாமல் போயிற்று. ஆசிரியர்கள் தங்களுடைய பழைய மாணவர்களிடம் சொன்னார்கள். மாணவர்கள் வீட்டில் சொன்னார்கள். மறுநாளே "விசில் நீதிபதி எங்க இருக்கார்?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு குடும்பங்கள் வந்தன. அதற்கு மறுநாள் ஒரு வேன். படத்தைக் கழற்றலாம் என்று கைடு ஏணியை எடுக்கும்போதெல்லாம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சந்தடி கேட்டு மேனேஜரே அறையை விட்டு வெளியே வந்தார். மூட்டுவலிக்காரர். இத்தனை வருஷத்தில் அந்தப் படிக்கட்டில் கால் வைத்ததில்லை.

"யாருய்யா அது விசில் நீதிபதி?"

"நம்ம நீதிபதிதான் சார். ரெண்டாவது படம்."

"நம்ம வீட்டுலயே இருந்திருக்கார், எனக்குத் தெரியாமப் போச்சே!" மேனேஜர் கீழே நின்றபடியே போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்தார். "இப்படியே காத்தாடிக்கிட்டு இருந்தா வீட்டுக்கு உரிமைக்காரங்க இதை எவனுக்காவது வித்துடுவாங்கன்னு நானே பயந்துக்கிட்டிருந்தேன். இனிமே பாரு."

இனிமேல் பார்த்தது ஊர் முழுவதும். வாசலில் மாமனாரின் முகம் இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகையாக எழுந்து நின்றது. கீழே கொட்டை எழுத்தில் "விசில் நீதிபதி வாழ்ந்த வீடு."

அந்தத் தெரு வழியாகத்தான் டிப்போ பஸ்கள் எல்லாம் போகும். பலகையைத் தாண்டும்போது ஒவ்வொரு டிரைவரும் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்தார். சிலர் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார்கள்.

"பாத்தியா" என்றார் மேனேஜர், பூரித்துப்போய். "பஸ் ஓட்டறவங்களுக்குக்கூட நீதின்னா எவ்வளவு மரியாதை!"

கைடு வீட்டு ஆட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். மாமனார் வெளியே கிளம்புகிறவர் இல்லை. ஆனால் மாமியார் சந்தைக்குப் போகிறவர். அதுவும் பஸ்ஸில் போகிறவர்.

மாமியார் பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்தி இறங்கினார். காய்கறிப் பையோடு நேராக உள்ளே வந்து, கூட்டத்தை விலக்கிப் படியேறினார்.

"இவரா நீதிபதி? இவர் எங்க வீட்டுக்காரர்!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. கைடு ஒரு நொடி கண்ணை மூடினார். திறந்தபோது வாய் தானாகப் பேசியது.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! இவங்கதான் நீதிபதியோட மனைவி. அதாவது, மனைவியா நடிக்கிறவங்க. அந்தக் கால வாழ்க்கையைக் கண்ணு முன்னாடி கொண்டுவர்ற புது ஏற்பாடு!"

"என்னது?" என்றார் மாமியார்.

"அத்தை..." என்றார் கைடு உதடசையாமல். கண்கள் மட்டும் காலில் விழுந்தன.

மாமியார் பதில் சொல்வதற்குள் ஒரு இளம்பெண் ஆவலாகக் கேட்டாள். "அம்மா, நீதிபதி வீட்டுல எப்படி இருப்பார்?"

மாமியாரின் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பையைப் படியில் வைத்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருப்பாரா? உக்காரு, சொல்றேன். கோர்ட்டுல விசில் ஊதினாரோ இல்லையோ, வீட்டுல டீக்கு விசில் ஊதுவார். ஒரு தடவைன்னா டீ. ரெண்டு தடவைன்னா சக்கரை பத்தலை. ஒரு நாள் நான் அந்த விசிலை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். மூணு நாள் மனுஷன் வாயே திறக்கலை. கல்யாணமானதுல இருந்து நான் நிம்மதியா இருந்தது அந்த மூணு நாள்தான்..."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமியார் போகும்போது கைடின் காதருகே வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

மனைவி மட்டும்தான் வீட்டில் பயந்துகொண்டிருந்தாள். "அம்மா நாக்கு சும்மா இருக்காதுங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்களையும் வெளிய தள்ளுவார், என்னையும் தள்ளுவார்."

தெரிந்தே விட்டது. சொன்னது மாமியார் இல்லை, டிப்போ.

மாமனார் மாளிகைப் படிக்கட்டின் கீழே வந்து நின்றபோது அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது. "டிப்போவுலேர்ந்து போன் மேல போன்! நான் எப்ப போய்ச் சேந்தேன்னு துக்கம் விசாரிக்கறாங்க! செத்தவங்களைத்தானே உங்க மாப்பிள்ளை அங்க மாட்டுவார்னு கேக்கறாங்க! எங்க அந்த..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் தன்னைப் பார்த்துவிட்டார்.

மேல்மாடிக் கண்ணாடி ஜன்னலிலிருந்து மத்தியான வெளிச்சம் சரிந்து படத்தின் மேல் விழுந்திருந்தது. கோட்டின் கறுப்பு மின்னியது. விசில் தங்கமாக ஜொலித்தது. சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒரு நாளும் அவர் இப்படி இருந்ததில்லை. கீழே கூட்டம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளந்தது.

"அச்சு அசல்!" என்றார் ஒருவர். "ஐயா, நீங்க நீதிபதிக்கு உறவா?"

கைடு சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நெருங்கின உறவு" என்றார்.

பிறகு மெல்லப் படியேறி வந்தார்.

"மாப்பிள்ளை."

"மாமா, நான் விவரமாச் சொல்லிடறேன்..."

"இடது பக்கமாச் சாஞ்சிருக்கேன். கவனிக்கறது இல்லையா? நேராக்குங்க."

மறுநாளிலிருந்து மாமனார் மறுபடி வாடகைக்கு ஒரு கோட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். நீதிபதியின் வழித்தோன்றல் என்று மேனேஜரே நாற்காலி போட்டுக்கொடுத்தார். படிக்கட்டில் நெரிசல் என்றால் விசில் ஊதி ஏறுகிறவர்களை ஒரு பக்கமும் இறங்குகிறவர்களை ஒரு பக்கமும் பிரித்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு தம்பதிக்கு அங்கேயே தீர்ப்புச் சொன்னார். போகும்போது ஜன்னல் மனைவிக்கு, வரும்போது கணவனுக்கு. இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டாரா? சரித்திரத்தில் கை வைத்தார்.

"கப்பல் முதலாளியா? அந்தாளு டிக்கெட் இல்லாம ஆள் ஏத்தினவன். நீதிபதிதான் கையும் களவுமாப் புடிச்சு வீட்டை எழுதி வாங்கினார்" என்றார் ஒரு கூட்டத்திடம். "டாக்டரா? நீதிபதியோட மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கைடைப் பார்த்தார். "ஆரம்பத்துல நீதிபதிக்கு அவர் மேல நல்ல அபிப்பிராயம் இல்லை. போகப் போகத்தான் மனுஷனோட அருமை தெரிஞ்சுது."

அன்று வீட்டில் சாப்பிடும்போது மாமனார் தன் கையாலேயே கைடின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். மனைவி கையிலிருந்த பாத்திரத்தை நழுவவிட்டாள்.

"உங்க வேலை லேசுப்பட்டது இல்லை மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நின்னுக்கிட்டே பேசணும். அதுலயும் சிரிச்ச முகமாப் பேசணும். என்னால எல்லாம் முடியாது."

கைடுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

"ஏங்க" என்றாள் மனைவி பிறகு தனியாக. "சித்தப்பா போன் பண்ணினார். அங்க வேற ஏதாவது இடம் காலியா இருக்கான்னு கேக்கறார். டாக்டர்னாகூடப் பரவாயில்லையாம்."

இந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் இடியைத் தூக்கிப் போட்டார்.

"வீட்டுக்கு உரிமைக்காரம்மா நேர்ல வர்றாங்கய்யா. ரோஜாக்காரரோட பேத்தி. ஹோட்டல்காரங்க இந்த வீட்டை விலைக்குக் கேட்டிருக்காங்களாம். விக்கறதா, இப்படியே விடறதான்னு வெள்ளிக்கிழமை பாத்துட்டு முடிவு சொல்வாங்க. முக்கியமா விசில் நீதிபதியைப் பாக்கணுமாம்."

"அவங்களுக்கு நீதிபதி முகம் தெரியுமா சார்?"

"என்ன கேள்விய்யா இது? அவங்க சொந்தப் பாட்டனுக்குப் பூட்டன் முகம் அவங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுல இந்தப் படிக்கட்டுலதான் ஓடி விளையாடினாங்களாம்!"

கைடு கொட்டகைக்கு ஓடினார். மூக்கில்லாதவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மனைவி வர்ணம் வாங்கிக்கொண்டு வந்தாள். மூக்கு ஒருமாதிரி வந்துவிட்டது. மீசைதான் படுத்தியது. வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகப் போகவே, சமன் செய்ய இடது பக்கத்தை நீட்டினார். அது நீளமாகப் போகவே வலது பக்கத்தை நீட்டினார். இப்படியே போய் மீசை இரண்டு காதையும் தொட்டது.

"எப்படி இருக்கு?"

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பூனை மாதிரி இருக்குங்க."

"நீதிபதி மாதிரி இல்லையா?"

"நீதிபதி வளத்த பூனை மாதிரி இருக்கு."

வேறு வழியில்லை. மாமனாரின் காலைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். "மாமா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் சுவத்துலேர்ந்து இறங்கிக்குங்க. வெறும் சுவர்னா, படத்தைப் பழுது பாக்கக் குடுத்திருக்கோம்னு சொல்லிடலாம்."

"முடியாது."

"மாமா!"

"குடியிருக்கிறவனை நினைச்ச நேரத்துல காலி பண்ணச் சொல்றது என்ன நியாயம்? நோட்டீஸ் குடுக்கணும்." மாமனார் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அந்தம்மா வரட்டும். நான் பேசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை உரிமைக்காரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, தோளில் குறுக்காக ஒரு பை, விறுவிறு என்று நடை. மேனேஜர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் படிக்கட்டில் ஏறினார். கீழே பார்வையாளர்கள் நிறைந்திருந்தார்கள். இரண்டாவது படத்துக்கு அடியில் மாமனார் விறைப்பாக நின்றார், பக்கத்தில் மாமியார்.

அந்தம்மா கப்பல் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு படி ஏறினார். நின்றார். படத்தைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

மேனேஜர் சிரித்தார். "என்னம்மா, உங்க நீதிபதித் தாத்தாவையே..."

"நான் கைடைக் கேட்டேன்."

கைடின் வாயில் நூறு பதில்கள் வரிசை கட்டி நின்றன. படத்தைத் துடைத்ததில் முகம் தெளிந்துவிட்டது என்று சொல்லலாம். இது நீதிபதியின் தம்பி என்று சொல்லலாம். கடந்த சில வாரங்களில் எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். ஆனால் எதிரே நிற்பவர் இந்த வீட்டுப் பெண். அவர் வீட்டில் நின்றுகொண்டு, அவர் தாத்தாவைப் பற்றி, அவரிடமே பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"என் மாமனார் மேடம்" என்றார் கைடு.

மேனேஜர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

கைடு எல்லாவற்றையும் சொன்னார். ஈரத்துணி, மீசை, மூக்கு, டிப்போ விசில், எல்லாம். "பொய் சொன்னது நான் ஒருத்தன்தான். இப்பவே வேலையை விட்டுப் போயிடறேன். வீட்டை மட்டும் வித்துடாதீங்க மேடம். இது வெறும் கல்லு மரம்னு ஹோட்டல்காரன் நினைப்பான். எனக்கு இதுல எந்தப் படி முனகும், எந்த ஜன்னல்ல எப்ப வெயில் வரும்னு தெரியும். நாலு பேர் வந்து இங்க நின்னு அண்ணாந்து பாக்கறப்ப, எனக்கு இதுல வாழ்ந்தவங்களே திரும்பி வந்த மாதிரி இருக்கும்."

 தலையைக் குனிந்துகொண்டார்.

விசில் கிழித்துக்கொண்டு எழுந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

"தீர்ப்பு!" என்றார் மாமனார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, நான் டிப்போவுல தலை நரைச்சவன். வண்டியில ஏறின ஜனத்தை இறங்கற வரைக்கும் முகம் சுளிக்காம வெச்சிருக்கறது எவ்வளவு பெரிய வித்தைன்னு எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை அதைச் செய்யறார். இத்தனை வருஷம் அவரை நான் மட்டமாப் பேசினேன், அது என் தப்பு. இங்கேர்ந்து ஒருத்தரை இறக்கித்தான் ஆகணும்னா என்னை இறக்குங்க. அவரை இறக்காதீங்க."

சொன்னதோடு நில்லாமல், கோட்டைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தன் படத்தைத் தானே கழற்றக் கையை உயர்த்தினார்.

"இவர் இறங்கினா நானும் நாளையிலேர்ந்து வரமாட்டேன்" என்றார் மாமியார்.

"அதெப்படி? நீதிபதியம்மா வராம எப்படி?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "அரிசி டப்பாக் கதைக்காகத்தானே வந்தோம்!" என்றது இன்னொரு குரல். "விசில் நீதிபதி இருக்கட்டும்! டிப்போவோ கோர்ட்டோ, இருக்கட்டும்!" கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. தட்டல் படிக்கட்டில் மோதி மேல்மாடி வரைக்கும் போய்த் திரும்பியது.

அந்தம்மா கையை உயர்த்தினார். அடங்கியது.

"யாரும் யாரையும் இறக்க வேண்டாம்" என்றார். "இந்த வீட்டுல இவ்வளவு சத்தத்தை நான் சின்ன வயசுல கேட்டது. ஹோட்டல்காரங்ககிட்ட வீடு விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிடறேன். கைடு இங்கதான் இருப்பார். ஐயாவும் அம்மாவும் வழக்கம்போல வரணும். நீதிபதி அங்கேயே தொங்கட்டும்."

மாமியார் கோட்டை மாமனாருக்கு மாட்டிவிட்டார். மாமனார் கைடின் தோளில் கையைப் போட்டு, ஊரே கேட்கும்படி, "என் மாப்பிள்ளை!" என்றார். கைடுக்குக் கண் மறைத்தது. கூட்டம் படியேறி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. தூக்கியே இருப்பார்கள், படிக்கட்டு என்பதால் விட்டார்கள்.

மேனேஜர் ஒருவர்தான் மனம் ஒப்பாமல் நின்றார். மூச்சு வாங்க அந்தம்மாவின் அருகே வந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா சரித்திரம்னு ஒண்ணு இருக்கு இல்லையா? கப்பல் முதலாளி, டாக்டர், ரோஜாக்காரர், இப்பேர்ப்பட்ட மூணு மகான்களுக்கு நடுவுல ஒரு கைடோட மாமனாரைத் தொங்கவிட்டா அந்தப் பெரியவங்க மரியாதை என்ன ஆகறது?"

"அவங்க மூணு பேர் மட்டும் யாருன்னு நினைச்சீங்க?" என்றார் அந்தம்மா. "இவருக்கு முன்னாடி இங்க இருந்த கைடுங்களோட மாமனாருங்கதான்."